ஆட்டுக்கால் சாறு

ஆட்டுக்கால் சாறு என்பது வெள்ளாடு அல்லது செம்மறியாட்டின் கால்களை மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம் ஆகியவற்றுடன் நீண்ட நேரம் மெல்லிய தீயில் வேகவைத்து இறக்கும் நீர்த்த உணவாகும். பேச்சு வழக்கில் இது 'ஆட்டுக்கால் சூப்பு' அல்லது 'கால் சூப்பு' எனப்படுகிறது. தமிழ்நாடு முழுவதும் இது உண்டு. எனினும் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி ஊர்களில் இதற்கு இரண்டு காலங்கள் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஒன்று, பனி இறங்கும் கார்த்திகை முதல் தை வரையிலான மாதங்கள். மற்றொன்று, வீட்டில் ஒரு பெண் பிள்ளை பெற்று 'பச்சை உடம்புக்காரி'யாக இருக்கும் நாள்கள். சாறு ஒன்றுதான். ஆனால் பனிக்காலத்தில் அது விருப்ப உணவு, பேறுகாலத்தில் அது மருந்து என்று கருதப்படுகிறது. அப்படி மருந்தாகக் கருதப்படும்போது அது உண்மையில் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை அறிவது பயனுள்ளது.

பெயர்

கொங்குப் பகுதியிலும் அதை ஒட்டிய சேலம் பகுதியிலும் கறி வெந்த நீரைச் 'சாறு' என்று சொல்வது பழைய வழக்கம். கோழிச்சாறு, கறிச்சாறு, எலும்புச்சாறு என்று இதே சொல் பல உணவுகளுக்கும் வரும். 'சூப்பு' என்ற சொல் உணவு விடுதிகளின் வழியாக வந்து வீட்டுப் பேச்சிலும் நிலைத்துவிட்டது. இதே கால்களைத் தேங்காய், கசகசா அரைத்து ஊற்றிக் கெட்டியாகச் செய்தால் அது 'பாயா'. கால் என்று பொருள்படும் உருதுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் பாயா பொருந்தும். சாறோ பெரும்பாலும் தம்ளரில் ஊற்றிக் குடிக்கப்படுவது. சோற்றிலும் களியிலும் ஊற்றிக்கொள்வோரும் உண்டு.

ஆடும் காலும்

இப்பகுதியில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயரைக் கொண்ட மேச்சேரி செம்மறியாடு, இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர் பெற்ற தமிழ்நாட்டு இனம். பழுப்பு நிறமும் குட்டை மயிரும் கொண்ட இந்த ஆட்டுக்கென்று மேச்சேரிக்கு அருகிலுள்ள பொட்டனேரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வெள்ளாட்டில் உடல் முழுவதும் கருமையாக, உயரமாக வளரும் சேலம் கருப்பு என்ற இனம் உண்டு. கால் சாற்றுக்கு வெள்ளாடு சிறந்ததா, செம்மறி சிறந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வெள்ளாட்டுக் கால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேகும் நேரத்தை வைத்துப் பார்த்தால், எந்த இனம் என்பதைவிட ஆட்டின் வயதுதான் முக்கியம். இளங்குட்டியின் கால் விரைவில் வெந்துவிடும், ஆனால் சாறு நீர்த்து நிற்கும். முற்றிய ஆட்டின் கால் வேக நேரமெடுக்கும், சாறு பிசுபிசுப்பாக இறங்கும்.

காலில் சதை மிகக் குறைவு. தோல், தசைநாண், மூட்டுக் குருத்தெலும்பு, எலும்பு ஆகியவையே அதில் உள்ளன. இந்த உணவின் குணமும் குறையும் இந்த ஒரு செய்தியிலிருந்தே தொடங்குகின்றன.

கறிக்கடையில் ஓர் ஆட்டின் நான்கு கால்களைச் சேர்த்து ஒரு செட்டாக விற்பார்கள். மயிரைத் தீயில் சுட்டு, கத்தியால் சுரண்டி, குளம்பைத் தட்டிக் கழற்றி, துண்டு போட்டுத் தருவது கடைக்காரர் வேலை. சுடாமல் வெந்நீரில் முக்கி மயிர் களைவதும் உண்டு. ஆனால் சுட்ட கால்களில் வரும் மெல்லிய புகை மணம் அதில் இராது. வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வேண்டியது இரு விரல்களுக்கு நடுவிலுள்ள பிளவு. அங்கே சிறு மயிர்க் கற்றை தங்கியிருக்கும். அதை வெட்டி எடுக்காவிட்டால் எவ்வளவு மசாலா போட்டாலும் கவிச்சை போகாது. பிறகு மஞ்சள் தூளும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து மூன்று நான்கு முறை கழுவ வேண்டும்.

செய்முறை

நான்கு கால்களுக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் தண்ணீர், 15 முதல் 20 சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு, ஒரு விரல் அளவு இஞ்சி, இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள், இரண்டு கொத்து கறிவேப்பிலை, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் என்பது சராசரிக் கணக்கு. பேறுகாலச் சாறானால் பூண்டை இரட்டிப்பார்கள், தக்காளியும் மிளகாயும் சேர்க்கமாட்டார்கள். பனிக்காலத்தில் வீட்டார் எல்லோரும் குடிப்பதற்கானால் ஒரு தக்காளியும் இரண்டு வரமிளகாயும் சேரும்.

முதலில் கால்கள் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பொங்கி வரும் அழுக்கு நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது. சத்து போய்விடும் என்று தயங்குவோர் உண்டு. அந்த ஐந்து நிமிடத்தில் வெளியேறுவது பெரும்பாலும் குருதியும் மேற்பரப்புக் கழிவும்தான். கால்களின் சத்து வெளிவர மணிக்கணக்கில் ஆகும்.

மண்சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, இடித்த வெங்காயம், பூண்டு, இஞ்சியை வதக்கி, கால்களையும் மஞ்சளையும் போட்டுப் புரட்டி, புதுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். சட்டியின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ்கள் மட்டும் எழும்பும் நிலையே சரியான நிலை. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து சாறு கலங்கிப் பால் நிறமாகும். சுவையில் பெரிய கேடில்லை என்றாலும் குடித்தபின் நெஞ்சில் நிற்கும். மண்சட்டியில் நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். விறகடுப்பு இருந்த வீடுகளில் இரவுச் சமையல் முடிந்ததும் தணல்மேல் சட்டியை ஏற்றிவிட்டு விடியற்காலையில் இறக்குவார்கள். கரண்டியால் அழுத்தினால் மூட்டு தானாகக் கழன்று விழ வேண்டும், அதுவே பதம். இப்போது பெரும்பாலான வீடுகளில் குக்கர்தான். முதல் விசில் வந்தபின் சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம் போதும்.

குக்கரில் வைத்தால் ருசியில்லை என்ற குறைக்கு வேடிக்கையான மறுமொழி ஒன்று வரலாற்றில் இருக்கிறது. அழுத்தக் கலத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் டெனி பாப்பான் 1679இல் உருவாக்கியதே எலும்பை மெத்தென்று வேகவைத்து அதன் சாரத்தை இறக்கத்தான். அப்படிப் பார்த்தால் குக்கரில் செய்யப் பிறந்த முதல் சமையல் எலும்புச்சாறுதான்.

மிளகு, சீரகம், கொத்தமல்லியை வெறும் சட்டியில் வறுத்து ஒன்றிரண்டாக இடித்துக் கடைசி அரை மணி நேரத்தில் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் மிளகின் மணம் ஆவியோடு போய்க் காரம் மட்டும் மிஞ்சும். உப்பும் கடைசியில்தான். இரண்டரை லிட்டர் ஒன்றரை லிட்டராக வற்றும்போது முதலில் போட்ட உப்பு கடுத்துவிடும். மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு இறக்கினால் சாறு தயார்.

மிஞ்சிய சாற்றை என்ன செய்வது என்பது சுவையைவிட முக்கியமான செய்தி. இறைச்சிச் சாறு வெதுவெதுப்பாக வெளியில் கிடந்தால், கொதியைத் தாங்கி உயிரோடிருக்கும் சில நுண்ணுயிர்களின் வித்துகள் முளைத்துப் பெருகும். அணைந்த அடுப்பின்மேல் இரவு முழுவதும் ஆறிக் கிடந்த சாற்றைக் காலையில் சூடாக்கிப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு நாளுக்குள், ஒவ்வொரு முறையும் தேவையான அளவை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.

வேகும்போது நடப்பது

தோலையும் தசைநாணையும் கட்டி வைத்திருக்கும் புரதம் கொலாசன். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிய அமைப்பு அது. நீண்ட நேரச் சூட்டில் அந்த முறுக்கு அவிழ்ந்து, இழைகள் நீரில் கரைந்து ஜெலட்டின் ஆகின்றன. உதடு ஒட்டுகிற பிசுபிசுப்பு அதனால் வருவதே. நன்றாக இறங்கிய சாறு குளிர்ந்ததும் கூழ்போல் உறைந்துவிடும். உறையாத சாற்றில் தண்ணீர் கூடிவிட்டது அல்லது வேக்காடு போதவில்லை என்று பொருள்.

'கால் சாறு குடித்தால் கால் மூட்டுக்கு வலு' என்ற நம்பிக்கைக்கு இந்தக் கொலாசனே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வயிற்றுக்குள் போன ஜெலட்டின் மற்றப் புரதங்களைப்போலவே சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைகிறது. ஆட்டின் மூட்டு நேராக நம் மூட்டில் போய் அமர்வதில்லை. அத்துடன் ஜெலட்டினில் டிரிப்டோபன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. எனவே அது நிறைவான புரதம் அன்று. பாரிசு மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கு இறைச்சிக்குப் பதிலாக எலும்பு ஜெலட்டின் சாறு வழங்கப்பட்டபோது எழுந்த சர்ச்சையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் குழு, மெஜாண்டி தலைமையில் 1841இல் அளித்த அறிக்கையில் ஜெலட்டின் மட்டும் உயிரைத் தாங்காது என்பதை நாய்களை வைத்துச் செய்த சோதனைகளால் காட்டியது. சாறு நல்ல துணை உணவு, ஆனால் தனி உணவாக நிற்காது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றியும் இப்படியே. எலும்பு கால்சியத்தால் ஆனதுதான். ஆனால் வெறும் நீரில் அது மிகச் சிறிதளவே கரையும். ஒரு தம்ளர் கால் சாற்றின் கால்சியம் ஒரு தம்ளர் பாலின் பக்கத்தில்கூட வராது. அதே சாற்றை ஊற்றிச் சாப்பிடும் கேழ்வரகுக் களியில்தான் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லி கிராமுக்கு மேல் உண்டு. சேலத்துப் பக்கம் களியும் கால் குழம்பும் சேர்ந்தே தட்டில் வருவது தற்செயலாக அமைந்த நல்ல பொருத்தம்.

பேறுகாலத்தில்

பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, பூண்டு, சுக்கு, திப்பிலி சேர்ந்த சூடான உணவுகளைக் கொடுக்கும் வழக்கம் இப்பகுதியில் வலுவாக உள்ளது. கொங்கு வழக்கில் 'செலவு' என்றால் மசாலாச் சாமான் என்று பொருள். சித்தரத்தை, கண்டந்திப்பிலி, மிளகு, சீரகம் முதலியவற்றை இடித்துச் செய்யும் 'செலவு ரசம்' சளிக்கும் பேறுகாலத்துக்கும் உரியது. நாட்டு மருந்துக் கடைகளில் பிரசவத்துக்கென்றே செலவுச் சாமானைக் கட்டித் தருவார்கள். சித்த மருத்துவத்தில் இதே தேவைக்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் வழங்கப்படுகிறது. ஆட்டுக்கால் சாறு இந்த வரிசையில் சில நாள் கழித்துச் சேரும். முதலில் பூண்டுக் குழம்பும் ரசமும், பின் நாட்டுக்கோழிச் சாறு, பின் கால் சாறு என்பது பல வீடுகளின் ஒழுங்கு.

இதன் நன்மைகள் உண்மையானவை. பாலூட்டும் தாய்க்கு நீர்ச்சத்து அதிகம் தேவை. பசி மந்தமாக இருக்கும் நாள்களில் சூடான, உப்பும் மணமும் உள்ள சாறு எளிதில் உள்ளே போகும். அறுவைப் பிரசவத்துக்குப் பின் மருத்துவர் நீர் உணவுக்கு அனுமதித்ததும் கொழுப்பு நீக்கிய தெளிந்த சாறு உதவும். மிளகும் இஞ்சியும் அளவோடு இருந்தால் தீங்கில்லை. தாய்ப்பாலைப் பெருக்குவது எது என்ற கேள்விக்கு மருத்துவம் தரும் முதல் மறுமொழி குழந்தை அடிக்கடி உறிஞ்சிக் குடிப்பது என்பதே. சாறு அந்தத் தாயைத் தாங்கும் உணவு.

சிக்கல் சாற்றில் இல்லை, அதைச் சுற்றிய பத்தியத்தில் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், கீரை செரிக்காது, பழம் சளி பிடிக்கும், பருப்பு குழந்தைக்கு வாயு என்று ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, ஒரு தம்ளர் சாறும் இரண்டு பிடி சோறும் கொடுத்து 'சத்தானது கொடுத்தோம்' என்று நிறைவடையும் வீடுகள் இன்றும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாகத் தேவை. தெளிந்த சாறு அதில் ஒரு சிறு பங்கையே தரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் குருதிச்சோகை உள்ளது என்று 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. பிரசவத்தில் இழந்த குருதியை ஈடுகட்டத் தேவையான இரும்புச்சத்து கால் சாற்றில் குறைவு, ஏனெனில் அதில் சதையும் குருதியும் குறைவு. அதே கறிக்கடையில் கிடைக்கும் ஈரலும் சுவரொட்டியும் இரும்புச்சத்தில் பலமடங்கு மேல். பிரசவத்துக்குப் பின் 180 நாள்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் தரப்படும் இரும்பு, போலிக் அமில மாத்திரையைச் 'சூடு' என்று பரணில் போட்டுவிட்டுச் சாற்றை நம்புவது கெட்ட பேரம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் ஆவின் நெய்யும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

எனவே சாற்றோடு வெந்த தோலையும் தசைநாணையும் தின்னக் கொடுப்பது, கூடவே ஒரு முட்டை, பருப்பு, கீரை, தேவையான தண்ணீர் ஆகியவற்றைத் தடுக்காமலிருப்பது என்று அமைத்துக்கொண்டால் பழைய உணவு தன் வேலையைச் செய்யும். நாமக்கல்லில் இருந்துகொண்டு தாய்க்கு முட்டையை விலக்குவதில் பொருளே இல்லை. பேறுகாலத்தில் குருதியழுத்தம் உயர்ந்திருந்தவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சீனத்து உறவுகள்

இதே இரண்டு காலங்களுக்கு, ஏறத்தாழ இதே உணவு சீனத்திலும் உண்டு. கிழக்கு ஹான் காலத்து மருத்துவர் சாங் சோங்சிங்குக்கு உரியதாகச் சொல்லப்படும் 'சின் குய் யாவ் லூயே' என்ற மருத்துவ நூலில், பிரசவத்துக்குப் பின்வரும் வயிற்று வலிக்கு ஆட்டிறைச்சி, இஞ்சி, டாங்குய் வேர் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சும் சாறு கூறப்பட்டுள்ளது. எட்டுப் பங்கு நீரை மூன்று பங்காக வற்றவைத்து, நாளுக்கு மூன்று வேளை இளஞ்சூட்டில் குடிக்க வேண்டும். நம் நாட்டுக் கசாயங்களை நாலுக்கு ஒன்றாக, எட்டுக்கு ஒன்றாக வற்றவைக்கும் கணக்கை இது நினைவூட்டும். இன்று அந்தச் சாறு மருந்து என்பதிலிருந்து விலகிக் குளிர்கால உணவாகிவிட்டது. டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் 'தோங்சி' நாளில் சீனத்தின் சில பகுதிகளில் ஆட்டிறைச்சிச் சாறு குடிப்பது வழக்கம்.

தென்சீனத்துக் குவாங்தோங் மக்களிடம் பன்றிக்காலை முற்றிய இஞ்சியோடும் இனிப்பான கருங்காடியோடும் மணிக்கணக்கில் வேகவைத்து, அவித்த முட்டைகளைப் போட்டு ஊறவைக்கும் உணவு உண்டு. பிரசவத்துக்கு முன்பே பெரிய மண்பாண்டத்தில் தொடங்கிவிடுவார்கள். தாய்க்கு மட்டுமன்றிக் குழந்தையைப் பார்க்க வரும் உறவினருக்கும் அதையே கொடுப்பார்கள். காடியின் புளிப்பு எலும்பின் கால்சியத்தை நீரைவிட நன்றாகக் கரைக்கும். முட்டை, கால் சாற்றில் இல்லாத நிறைவான புரதத்தைத் தரும். உணவியல் நோக்கில் நம் கால் சாற்றைவிட இது ஒரு படி மேல் என்றே சொல்ல வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இன்னொன்றும் தெரிகிறது. பிள்ளை பெற்ற உடம்பு 'குளிர்ந்த' உடம்பு, அதற்குச் சூடான பண்டம் வேண்டும் என்பதில் இரு நாட்டாரும் ஒன்று. விலக்குகளில் முற்றிலும் வேறு. இங்கே புளிப்பு ஆகாது, அங்கே புளிப்பே மருந்து. இங்கே நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைத் தலையில் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள். அங்கே பழைய வழக்கப்படி ஒரு மாதம் தலை நனையக் கூடாது, 'மாதம் அமர்தல்' என்று அதற்குப் பெயர். பத்தியத்தின் விலக்குகளில் பல ஊர் வழக்கம்தானே தவிர உடம்பின் விதியல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சிங்கப்பூர், மலேசியாவில் இந்த உறவு தெருக்கடையிலேயே தெரியும். அங்குள்ள இந்திய முஸ்லிம்கள் நடத்தும் கடைகளின் 'சூப் கம்பிங்' என்ற ஆட்டுச்சாறு, மலாய்ப் பெயரில் விற்கும் நம்மூர் உணவின் உறவினன்.

மலையிலிருந்து வரும் 'கால்'

புலால் உண்ணாதோருக்கும் இப்பகுதியில் ஒரு கால் சாறு உண்டு. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டுக்கிழங்கே முடவாட்டுக்கால். திரைனேரியா குவெர்சிஃபோலியா என்பது அதன் தாவரவியல் பெயர். பழுப்பு மயிர்போன்ற செதில்கள் மூடியிருப்பதால் பார்வைக்கு ஆட்டுக்கால்போலவே இருக்கும். முடவனையும் நடக்கவைக்கும் என்பதால் இப்பெயர் என்று விற்பவர்கள் சொல்வார்கள். செதிலைச் சீவி, வெள்ளையாகத் தெரியும் உட்பகுதியை நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் சாறு. கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் வருவோர் கடைகளில் வாங்கிக் குடிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

சீன மருத்துவத்தில் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு பெரணியின் கிழங்குக்குக் 'கு சுய் பூ', அதாவது உடைந்த எலும்பைச் சேர்ப்பது என்று பெயர். ஒன்றையொன்று அறியாத இரு மலைநாட்டார் ஒரே குடும்பத்துச் செடியை எலும்புக்கென்று தேர்ந்தது வியப்புக்குரியது. ஆனால் முடவாட்டுக்காலைப் பற்றிய சோதனைகளில் பெரும்பாலானவை ஆய்வகத்திலும் எலிகளிலும் நடந்தவை. ஆகவே மூட்டுவலிக்கு மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்புவதும், பாலூட்டும் தாய்க்கு மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் கொடுப்பதும் சரியல்ல. அதில் ஜெலட்டினும் இல்லை, எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது உறையாது. மேலும் இது தோட்டத்தில் விதைத்து அறுக்கும் கிழங்கு அன்று. பாறையோடு முழுதாகப் பெயர்த்தெடுத்தால் அந்த இடத்தில் செடியே இல்லாமல் போகும், துண்டை விட்டுவைத்தால் மீண்டும் தழைக்கும். வாங்கும்போது ஒரு வேளைச் சாற்றுக்குக் கைப்பிடி அளவுக் கிழங்கு போதும்.